நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு

வெள்ளிக்கிழமை இரவு தூர்தர்ஷனில் ‘ஒலியும் ஒளியும்’ பார்த்து வளர்ந்தவர்களின் கண், பெயர் தெரியாமலே ஒரு வித்தியாசத்துக்குப் பழகியிருக்கும். நிகழ்ச்சிக்கு முன்னால் ஸ்டூடியோவிலிருந்து அறிவிப்பாளர் பேசுவார். அவர் தலையைத் திருப்புவதும் கையிலிருக்கும் தாளைப் புரட்டுவதும் இந்த நிமிடத்தில் நம் கூடத்திலேயே நடப்பதுபோல வழவழவென்று இருக்கும். அடுத்துப் பாட்டு வரும். அதே பெட்டி, அதே திரை. ஆனால் சிவாஜி நடந்து வரும்போது அந்த வழவழப்பு போய்விட்டிருக்கும். அசைவில் ஒரு கனம், சின்னதாக ஒரு தயக்கம், ஏற்கெனவே நடந்து முடிந்த ஒன்றைச் சொல்கிற தோரணை. கருப்பு வெள்ளைப் பெட்டியிலும் இது தெரிந்தது. ஆகவே நிறமோ விளக்கோ காரணமல்ல. ஸ்டூடியோ கேமரா நொடிக்கு 50 முறை பார்த்தது. சினிமா கேமரா 24 முறை பார்த்தது. அவ்வளவுதான் சங்கதி.

இன்று வீடியோ கேமரா வாங்குகிறவர் மெனுவைத் திறந்தால், எண்களுக்குப் பின்னால் ‘ஐ’ என்றும் ‘பி’ என்றும் ஓர் எழுத்து நிற்பதைப் பார்ப்பார். இன்டர்லேஸ், புரோகிரஸிவ். எதில் எடுத்தால் குவாலிட்டி நன்றாக வரும் என்று கேட்பார். “பி-யிலேயே வைங்க சார்” என்பார் கடைக்காரர். பதிலில் பிழை இல்லை, கேள்விதான் கொஞ்சம் கோணல். நிறத்தையும் துல்லியத்தையும் பெரும்பாலும் லென்ஸும் சென்சாரும் பார்த்துக்கொள்ளும். இந்த ஓர் எழுத்துக்கு வேறு வேலை. ஒரு நொடியை எப்படி நறுக்குவது என்பதை அது தீர்மானிக்கிறது.

புரோகிரஸிவ் 25 என்றால் நொடிக்கு 25 முழுப்படம். ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழ்வரை எல்லா வரிகளும் ஒரே கணத்துக்குச் சொந்தம். இன்டர்லேஸ் 50 என்றால் நொடிக்கு 50 அரைப்படம். முதல் அரைப்படத்தில் 1, 3, 5 என்று ஒற்றைப்படை வரிகள். ஐம்பதில் ஒரு பங்கு நொடி கழித்து எடுக்கும் அடுத்ததில் 2, 4, 6 என்று இரட்டைப்படை வரிகள். அரைப்படத்துக்குத் தொழிலில் ஃபீல்டு என்று பெயர். இரண்டு ஃபீல்டு சேர்ந்தது ஒரு ஃபிரேம் என்று பாடப்புத்தகம் சொல்லும். அந்த ஒற்றை வாக்கியத்தை நம்பிக் கெட்டவர்கள் அதிகம். கேமராவில் எடுத்த இரண்டு ஃபீல்டுகளும் ஒரே படத்தின் இரு பாதிகள் அல்ல. அவை அடுத்தடுத்த இரண்டு கணங்கள். ஆடுகிறவரின் கை முதல் ஃபீல்டில் ஓரிடத்திலும் இரண்டாவதில் வேறிடத்திலும் இருக்கும். இரண்டையும் ஒட்டி, நிறுத்திப் பார்த்தால், கையின் ஓரம் சீப்புப் பல்லாகப் பிளந்து நிற்பது அதனால்தான்.

இந்த விநோத ஏற்பாட்டை யாரும் அழகுக்காகச் செய்யவில்லை. நொடிக்கு 25 முறை மட்டும் ஒளிர்ந்தால் திரை சிமிட்டும், கண் வலிக்கும். சினிமாக் கொட்டகையில் இதற்கு எளிய வழி இருந்தது. புரொஜெக்டரின் ஷட்டர் ஒரே ஃபிரேமை இரண்டு முறை காட்டும்: 24 படம், 48 ஒளிர்வு. தொலைக்காட்சிக்கு அந்த வசதி கிடையாது. ஒரு படத்தைப் பிடித்து வைத்து மறுபடி காட்ட 1930களில் நினைவகம் ஏது? நொடிக்கு 50 முழுப்படம் அனுப்பலாமென்றால் அலைவரிசையில் இரு மடங்கு இடம் வேண்டும். ஜெர்மனியில் டெலிஃபுங்கன் நிறுவனத்தின் ஃப்ரிட்ஸ் ஷ்ரோட்டரும், அமெரிக்காவில் ஆர்.சி.ஏ.வின் ரான்டல் பல்லார்டும் 1930களின் தொடக்கத்தில் ஒரே தீர்வுக்கு வந்து சேர்ந்தார்கள். பாதி வரிகளை இப்போது அனுப்பு, மீதியை அடுத்த முறை அனுப்பு. திரை 50 முறை ஒளிரும், செலவு 25 முழுப்படத்துக்கு உண்டானதுதான்.

லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸிலிருந்து 1936 நவம்பர் 2 அன்று பி.பி.சி. தொலைக்காட்சி தொடங்கியபோது இந்த ‘ஐ’யும் ‘பி’யும் ஒரே கட்டடத்தில் மோதின. ஜான் லோகி பேர்டின் நிறுவனம் 240 வரி, நொடிக்கு 25 முழுப்படம் என்று புரோகிரஸிவ் கட்சி. ஐசக் ஷோன்பெர்க் தலைமையில் வேலை செய்த மார்கோனி-ஈ.எம்.ஐ. குழு 405 வரி, நொடிக்கு 50 ஃபீல்டு என்று இன்டர்லேஸ் கட்சி. ஒரு வாரம் இவர்கள், மறுவாரம் அவர்கள். பேர்டின் ஸ்டூடியோவில் நடந்ததை இன்று நினைத்தால் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்தே வருகின்றன. நிகழ்ச்சியை ஃபிலிமில் பிடித்து, அங்கேயே ரசாயனத் தொட்டியில் கழுவி, ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் ஈரம் காயாமலே ஸ்கேன் செய்து ஒளிபரப்பினார்கள். தொட்டியோடு பிணைத்த கேமராவை நகர்த்த வழியில்லை. எதிர்க்கட்சியின் எமிட்ரான் கேமராவையோ தோட்டத்துக்கே தள்ளிக்கொண்டு போகலாம். போதாக்குறைக்கு, பேர்டின் படம் 25 முறையே ஒளிர்ந்ததால் சிமிட்டியது. போட்டி மூன்று மாதம்கூட நீடிக்கவில்லை. 1937 ஜனவரி முடிவோடு பேர்டின் முறை ஒளிபரப்பிலிருந்து போயிற்று. 405 வரி இன்டர்லேஸ் 1985 வரை ஓடியது.

இந்த ஏற்பாட்டில் நான் மிகவும் ரசிக்கிற இடம் வரிகளின் எண்ணிக்கை. பிரிட்டனில் 405, அமெரிக்காவில் 525, பிறகு ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் 625. எல்லாம் ஒற்றைப்படை எண்கள். 625ஐ இரண்டாகப் பிரித்தால் ஒரு ஃபீல்டுக்கு 312½ வரி. அந்த அரை வரியில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு ஃபீல்டு அரை வரியில் முடிவதால், அடுத்த ஃபீல்டின் வரிகள் முந்தையவற்றின் இடுக்கில் தாமாகவே போய் விழுகின்றன. யாரும் அவற்றை நகர்த்தி வைக்க வேண்டியதில்லை. ஏன் குறிப்பாக 625? ஐந்தை நான்கு முறை பெருக்கினால் 625. மூன்றை நான்கு முறையும் ஐந்தை ஒரு முறையும் பெருக்கினால் 405. மூன்று, ஐந்து, ஐந்து, ஏழு என்றால் 525. வால்வு சர்க்யூட்டுகளை நம்பிச் சின்ன எண்களால் மட்டுமே வகுக்க முடிந்த காலம் அது. ஆகவே சின்ன ஒற்றைப்படை எண்களாக உடையக்கூடிய எண்ணாகப் பார்த்துப் பொறுக்கினார்கள். வெறும் கணக்குத்தான். ஆனால் நல்ல கோர்வை வைக்கிற மிருதங்கக்காரருக்கு இந்தக் கணக்கின் ருசி உடனே பிடிபடும்.

சென்னையில் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய தூர்தர்ஷனும், 1982ல் வந்த வண்ணமும் இதே 625 வரி, 50 ஃபீல்டுதான். பின்னால் வந்த தனியார் சேனல்களும், வி.எச்.எஸ். கேசட்டும், கல்யாண வீடியோவும் இதே அளவில்தான் ஓடின. தமிழ்நாட்டு வீடியோவின் முதல் கால் நூற்றாண்டு ஏறக்குறைய முழுவதும் இன்டர்லேஸ். அந்தக் காலத்துப் படங்களின் உயிர்ப்பைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடுகிறோம்.

இனி, இந்தக் கட்டுரையின் தலைப்பாக இருக்கிற அந்தச் சிறு துண்டு நேரத்துக்கு வருகிறேன். ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு நொடியில் வைத்து ஒரு பரதநாட்டியத்தை 25 புரோகிரஸிவில் எடுங்கள். ஷட்டரை மாற்றாமல் 50 இன்டர்லேஸிலும் எடுங்கள். கை வீசும்போது படத்தில் விழும் கலங்கல் இரண்டிலும் ஒரே நீளம்தான் இருக்கும், ஏனென்றால் இரண்டிலும் கேமரா ஒரே அளவு நேரம் பார்க்கிறது. பிறகு எதனால் ஒன்று சினிமாவாகவும் ஒன்று நேரலையாகவும் படுகிறது? புரோகிரஸிவில் கேமரா ஐம்பதில் ஒரு பங்கு நொடி பார்க்கிறது. அடுத்த ஐம்பதில் ஒரு பங்கு கண்ணை மூடிக்கொள்கிறது. ஒவ்வொரு நொடியிலும் பாதி இருட்டு. இன்டர்லேஸ் கண்ணை மூடுவதே இல்லை. வரிகளில் பாதியைக் கைவிட்டாலும் விடுவேன், காலத்தில் ஒரு துளியையும் விட மாட்டேன் என்கிற பிடிவாதம் அது.

மூடிக்கொண்ட அந்தப் பாதியைப் பார்க்கிறவரின் மனம் நிரப்பிக்கொள்கிறது. சினிமாவின் மயக்கம் திரையில் காட்டிய பாதியில் இருப்பதைவிடக் காட்டாத பாதியில்தான் அதிகம் என்பது என் துணிபு. கதாநாயகி திரும்பிப் பார்க்கும்போது கழுத்து கடந்து வந்த தூரம் முழுவதும் நமக்குத் தெரிய வேண்டியதில்லை. தெரிந்தால் அவள் நடிக்கிறாள் என்பதும் தெரிந்துவிடும். 24 அல்லது 25 படத்தின் தயக்கம், ‘இது கதை’ என்று முன்கூட்டியே சொல்லி நம்மைத் தயார் செய்கிறது. அது இறந்தகாலத்தில் பேசும் வடிவம். 50 நிகழ்காலத்தில் பேசுகிறது.

அதனால்தான் நாட்டியத்தைப் பதிவு செய்யும்போது 25 என்னை ஏமாற்றுகிறது. தட்டடவு முதல் காலத்தில் பிரச்சினை இல்லை. மூன்றாம் காலத்துக்குப் போனதும், பாதம் தரையில் அறைகிற அந்தக் கணம் பல முறை ஷட்டர் மூடியிருக்கும் இடைவெளியில் போய் விழும். கால் மேலே இருக்கிறது, பிறகு கீழே இருக்கிறது, தட்டு எங்கே? சத்தம் மட்டும் கேட்கிறது. மிருதங்கத்தில் ஃபரன் வாசிக்கும் விரல்கள், தவிலில் கோல் விழுகிற விசை, கோலாட்டத்தில் இரண்டு கோல் உரசிப் பிரிவது, வேகப்பந்து வீச்சாளரின் மணிக்கட்டு எல்லாம் இந்தக் கட்சிதான். இவற்றுக்கு நொடிக்கு 50 கணம் வேண்டும். ஒரு காலத்தில் அதை இன்டர்லேஸ் மட்டுமே கொடுத்தது. பழைய தூர்தர்ஷன் நாட்டியப் பதிவுகள் மங்கலாக, நிறம் வழிந்து இருந்தாலும் அடவுகள் முழுசாகத் தெரிவதற்கு இதுவே காரணம். இன்றைய கண்ணாடித் துல்லியப் பதிவுகள் பலவற்றில் அந்த முழுமையைக் காணோம்.

இன்டர்லேஸின் குறைகளும் சின்னவை அல்ல. கிடைமட்டமாக மெல்லிய கோடு போட்ட சட்டை அணிந்தவர் திரைக்கு வந்தால் அந்தக் கோடுகள் நடுங்கும். ஒரு கோடு ஒரே ஒரு வரியின் தடிமனில் இருந்தால் அது ஒற்றைப்படை ஃபீல்டில் மட்டும் தோன்றி, இரட்டைப்படையில் மறைந்து, நொடிக்கு 25 முறை கண் சிமிட்டும். பட்டுப்புடவையின் ஜரிகைக் கரை, ஜன்னல் கம்பி, கோபுரத்தின் அடுக்குகள் எல்லாவற்றுக்கும் இதே கதி. இதைத் தணிக்க, கேமரா செய்தவர்கள் அடுத்தடுத்த இரண்டு வரிகளைக் கலந்தே ஒரு வரியாகப் பதிவு செய்தார்கள். நடுக்கம் அடங்கியது, கூர்மை கொஞ்சம் போயிற்று. ஆகவே அட்டையில் போட்டிருக்கும் வரிகளின் எண்ணிக்கை அப்படியே கண்ணுக்கு வந்து சேர்வதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல், இன்டர்லேஸ் பிறந்து வளர்ந்த வீடே இடிந்துவிட்டது. பழைய பிக்சர் டியூப் ஒரு புள்ளியை ஓட்டி வரி வரியாக எழுதும். எழுதிய வரி உடனே மங்கும். அதற்குள் அடுத்த ஃபீல்டு இடுக்கில் வந்துவிடும். இன்டர்லேஸ் அந்த டியூபுக்கென்றே செய்தது. எல்.சி.டி. திரையோ எல்லா வரிகளையும் பிடித்து வைத்துக் காட்டுகிறது. அதில் அரைப்படத்தை அரைப்படமாகக் காட்ட இயலாது. விடுபட்ட வரிகளை டி.வி.யே ஊகித்து நிரப்ப வேண்டும். நல்ல டி.வி. நன்றாக ஊகிக்கும், மட்டமானது சீப்புப் பல்லைக் காட்டும். ஒரு படத்தின் அழகு பார்க்கிறவரின் பெட்டிக்குள் இருக்கும் சில்லின் புத்தியை நம்பியிருப்பது எந்தக் கலைஞருக்கும் பிடிக்காது.

50க்கும் 25க்கும் உள்ள இந்த உணர்வு வேறுபாட்டைப் பொதுமக்களே கண்டுகொண்ட தேசம் பிரிட்டன். பி.பி.சி. நாடகங்களில் வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளை ஸ்டூடியோவில் வீடியோ கேமராவால் எடுப்பார்கள். தெருவுக்கு வந்தால் 16 மில்லிமீட்டர் ஃபிலிம். ஒருவர் கதவைத் திறந்து வெளியே கால் வைத்ததும் அவருடைய அசைவே மாறிவிடும். மான்டி பைதான் குழு 1970ல் இதை வைத்தே ஒரு நகைச்சுவைக் காட்சி செய்தது: வெளியே போகப் பார்ப்பவர்கள் தாங்கள் ஃபிலிமால் சூழப்பட்டிருப்பதைக் கண்டு திகைத்து உள்ளே ஓடி வருவார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள் என்றால், அந்த வேறுபாடு அவர்கள் கண்ணிலும் உறுத்திக்கொண்டிருந்தது என்றே பொருள்.

அங்கேயே இன்னொரு கதை. 1960களின் ‘டாக்டர் ஹூ’ வீடியோ டேப்பில் பதிவானது. பிறகு டேப்புகளை அழித்து வேறு நிகழ்ச்சிக்குப் பயன்படுத்திவிட்டார்கள். எஞ்சியவை, வெளிநாடுகளுக்கு விற்பதற்காக டி.வி. திரையிலிருந்து 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் படம் பிடித்த பிரதிகள். அந்தப் பிரதியில் நொடிக்கு 25 ஃபிரேம்தான். 50 கணங்கள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு 25 ஆகிவிட்டன. படம் மிஞ்சியது, நேரலைத் தன்மை போயிற்று. பல ஆண்டுகள் கழித்து விட்ஃபயர் என்ற முறையில், இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவில் அசைவு எங்கே இருந்திருக்கும் என்று கணினி கணித்து, மறுபடி 50 ஃபீல்டாக்கினார்கள். 2002ல் ‘தி அஸ்டெக்ஸ்’ கதையின் டி.வி.டி. அப்படித்தான் வந்தது. மீட்ட கணங்களில் பாதி கணினியின் கற்பனை என்று முகம் சுளிக்கலாம். ஆனாலும் நாற்பது ஆண்டு பழைய நடிகர்கள் மறுபடி ஸ்டூடியோவில் நின்று மூச்சு விடுகிறார்கள். கூர்மையைக் கூட்டுவதற்காக அல்ல, அசைவை மீட்பதற்காக மட்டும் இவ்வளவு மெனக்கெட்டவர்களை நான் ரசிகர்களின் வரிசையில் முதலில் உட்கார வைப்பேன்.

உலகின் மற்றப் பாதி அப்போது நேர் எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்தது. 1995ல் மினி டி.வி. (MiniDV) கேமராக்கள் வந்தபின், காசில்லாத இயக்குநர்கள் வீடியோவில் படம் எடுத்துச் சினிமாபோலக் காட்டத் துடித்தார்கள். தடையாக நின்றது லென்ஸைவிட அந்த இன்டர்லேஸ்தான். அமெரிக்காவில் 60 ஃபீல்டு; அதிலிருந்து 24 முழுப்படம் எடுப்பது கணக்குக்கு ஒத்துவராது. அதனால் அமெரிக்கர்களில் பலர் நம் ஊர்ப் பக்கத்து 50 ஃபீல்டு ‘பால்’ (PAL) முறைக் கேமராக்களைத் தேடி வாங்கினார்கள். 50ஐ 25 ஆக்கி, 25ஐச் சற்று மெதுவாக்கினால் 24. கடைசியில் 2002ல் பானசோனிக்கின் ஏ.ஜி.-டி.வி.எக்ஸ்100 சாதாரண விலையில் 24 புரோகிரஸிவைக் கொடுத்தது. சின்னப் படக்காரர்கள் அந்தக் கேமராவைக் கொண்டாடியதற்குக் காரணம் அந்த ஒரே எண். டேவிட் லின்ச் மட்டும் தன் ‘இன்லேண்ட் எம்பயர்’ படத்தைச் சோனியின் பி.டி.150 என்ற எளிய வீடியோ கேமராவில் எடுத்து, அதன் கரடுமுரடை ஒளிக்காமல் 2006ல் வெளியிட்டார்.

24க்கும் 25க்கும் நடுவில் இருக்கும் ஒரு படத்தை அற்பமாக நினைக்கக் கூடாது. 50 ஃபீல்டு நாடுகளில் சினிமாவை டி.வி.யில் போடும்போது 24ஐ 25 ஆக ஓட்டுவதே பழைய வழக்கம். நூறு நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடியும். வேகத்தோடு சுருதியும் ஏறும், ஏறக்குறைய அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக. கொட்டகையில் கேட்ட பாட்டு டி.வி.யில் கொஞ்சம் துள்ளலாகக் கேட்டதென்றால் அது கேட்டவரின் உற்சாகம் மட்டுமல்ல.

சரி, இன்று கேமராவைக் கையில் எடுப்பவர் என்ன செய்வது? என் தீர்ப்பில் சந்தேகமில்லை. கதை சொல்வதானால் 24 அல்லது 25 புரோகிரஸிவ். ஆனால் அதற்கு உண்டான ஒழுக்கத்தோடு: கேமராவை வேகமாகத் திருப்பாதீர்கள். காட்சியில் ஒரு பொருள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போக ஏழு நொடியாவது ஆகட்டும் என்பது ஒளிப்பதிவாளர்களின் பழைய கணக்கு. கல்யாண மண்டபத்தில் 25ல் வைத்துக்கொண்டு மணமேடையிலிருந்து பந்திவரை ஒரே வீச்சில் திருப்பினால், எல்லாரும் துண்டு துண்டாகக் குதிப்பார்கள். நாட்டியம், விளையாட்டு, கச்சேரி, குழந்தையின் முதல் நடை என்றால் 50 புரோகிரஸிவ். இன்டர்லேஸ் கொடுத்த காலமும் கிடைக்கும், புரோகிரஸிவ் கொடுத்த வரிகளும் கிடைக்கும். 1936ல் அலைவரிசை இல்லாததால் செய்துகொண்ட சமரசம் இனித் தேவையில்லை. சேனல் கேட்டால் மட்டும் இன்டர்லேஸில் கொடுங்கள். எச்டி ஒளிபரப்பில் 1080 வரி இன்டர்லேஸ் இன்னும் செல்லுபடியாகிறது.

எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது மின்சார வாரியத்தையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு அல்லது நூறில் ஒரு பங்கு என்றால் முழு ஏற்ற இறக்கங்கள் அதற்குள் அடங்கும், வெளிச்சம் நிற்கும். பல போன்கள் 30, 60 என்ற அமெரிக்கக் கணக்கோடு வருகின்றன. ஷட்டர் அறுபதில் ஒரு பங்குக்குப் போனால் மண்டபத்துச் சுவரில் பட்டை பட்டையாக இருட்டு ஊர்வதைப் பார்க்கலாம். மெனுவில் 25, 50 இருந்தால் அதற்கு மாறிவிடுங்கள்.

காட்டாத பாதியின் மதிப்பை டி.வி. செய்கிறவர்கள் உணரவில்லை. பெரிய திரைகளில் அசைவை வழவழப்பாக்கும் வசதியைத் தாங்களாகவே முடுக்கிவிட்டு விற்கிறார்கள். பெட்டி 24 படத்துக்கு நடுவில் இல்லாத படங்களைச் செருக, மகத்தான சினிமாவும் மதிய நேரத்துத் தொடர்போல ஆகிவிடுகிறது. 2018 டிசம்பரில் டாம் க்ரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மக்வாரியும் இதை அணைத்துவிடும்படி ஒரு வீடியோவில் பார்வையாளர்களைக் கேட்டுக்கொண்டார்கள். மறு ஆண்டு ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்ற வசதியை அறிவித்தார்கள். பீட்டர் ஜாக்சன் 2012ல் ‘தி ஹாபிட்’ படத்தையே நொடிக்கு 48ல் எடுத்தார். மந்திரவாதியின் தாடி ஒட்டுத் தாடி என்று தெரிந்ததுதான் மிச்சம்.

அதே 2012ல்தான் அதி உயர்துல்லியத் தொலைக்காட்சிக்கான பி.டி.2020 என்ற சர்வதேசப் பரிந்துரை வந்தது. அதில் 24 முதல் பல வேகங்கள் இருக்கின்றன. இன்டர்லேஸுக்கு ஓர் இடம்கூட இல்லை. பேர்டின் கட்சி முக்கால் நூற்றாண்டு கழித்து ஜெயித்தது.

எச்டி ஒளிபரப்பும் கைவிட்டபின் இன்டர்லேஸ் வாழப்போவது பழைய கேசட்டுகளில் மட்டும். உங்கள் வீட்டுப் பரணிலும் சில இருக்கும்: அக்கா கல்யாணம், தாத்தாவின் சதாபிஷேகம், அரங்கேற்றம். வி.எச்.எஸ்.ஸைத் தரமில்லை என்று ஒதுக்காதீர்கள். அதன் உருளை நிமிடத்துக்கு 1,500 முறை சுழலும், ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு ஃபீல்டு பதியும். கூர்மையும் நிறமும் குறைவுதான், ஆனால் நொடிக்கு 50 கணமும் பத்திரமாக உள்ளே இருக்கிறது. இதை டிஜிட்டலாக மாற்றும் கடைகள் பல, வசதிக்காக 25 முழுப்படமாக்கிக் கொடுத்துவிடுகின்றன. ஒரு ஃபீல்டைத் தூக்கியெறிகிறார்கள். அல்லது இரண்டையும் கலந்து, வீசும் கைக்குப் பக்கத்தில் ஒரு பேய்க்கையையும் சேர்த்துத் தருகிறார்கள். தாத்தாவின் நடையில் பாதி கணங்கள் அங்கேயே போய்விடும், பிறகு எந்த மென்பொருளாலும் உண்மையாக மீட்க முடியாது.

ஆகவே கேசட்டைக் கொடுக்குமுன் இரண்டு விஷயம் கேளுங்கள். முதலில் 720க்கு 576 அளவில், இன்டர்லேஸ் கலையாமல், ஃபீல்டு வரிசை மாறாமல் ஒரு மூலப் பிரதி வேண்டும். டி.வி. (DV) கோப்பு வடிவத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜி.பி. பிடிக்கும், இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு அது ஒரு பொருட்டல்ல. அதிலிருந்து, பார்ப்பதற்கும் பகிர்வதற்கும், ஒவ்வொரு ஃபீல்டையும் தனிப்படமாக விரித்து 50 புரோகிரஸிவில் இன்னொரு பிரதி. யூடியூபில் ஏற்றுவதானால் 720 வரிக்குப் பெரிதாக்கி ஏற்றச் சொல்லுங்கள். அதற்குக் கீழே இருந்தால் யூடியூப் 50ஐ ஏற்காமல் பாதியாக்கிவிடும். கடைக்காரர் முடியாது என்றால் வேறு கடை பாருங்கள். கேசட்டை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.